இன்ஜின் அக்காவின் தண்டவாளம்

என் அக்காவின் வண்டியைப் பறிமுதல் செய்துவிட்டார்கள் என்று எனக்குச் சொன்னவர், நான் பிழைக்க வந்த வெளிநாட்டு நகரத்தில் முடிவெட்டும் கடை வைத்திருக்கும் ஊர்க்காரர். அவருக்கு அதைச் சொன்னது அவருடைய மாமியார். மாமியாருக்கு யார் சொன்னார்களாம் என்று கேட்டேன்.

"எல்லாரும் பேசிக்கிறாங்களாம்" என்றார், கத்தரியை நிறுத்தாமல். "தண்டவாளத்தைப் பேத்து பழைய இரும்புக்குப் போடப் போறாங்களாம். உங்க அக்கா குறுக்கே படுத்துட்டாங்களாம்."

பாதி வெட்டிய தலையோடு வெளியே வந்து அக்காவைக் கூப்பிட்டேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. அன்றைக்கே விடுப்பு சொல்லி, பயணச்சீட்டும் எடுத்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் அவள் திரும்பக் கூப்பிட்டாள்.

"படுத்துட்டேனா? படுக்க நேரம் எங்கடா இருக்கு? பாலத்துல இருந்தேன், அதான் எடுக்கல."

"அப்போ தண்டவாளம்?"

"வண்டியையும் பறிக்கல, தண்டவாளத்தையும் பேக்கலடா. மறுபடி ரயில் விடப் போறாங்களாம்."

இரண்டில் எது மோசமான செய்தி என்று எனக்குப் பிடிபடவில்லை.

எங்கள் ஊருக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் ஆறு. சாலையில் போனால் ஆற்றை எங்கேயோ போய்ச் சுற்றிக்கொண்டு வரவேண்டும். நேராகக் கடக்க இருப்பது, கல்குவாரிக்காக என்றோ போட்ட சரக்கு ரயில் பாலம் மட்டும். குவாரி மூடியதும் ரயில் நின்றது, தண்டவாளம் கிடந்தது. அக்காவுக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. ஒரு மழைநாளில் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு வலி எடுத்துவிட்டது. வாடகைக்கார் ஓட்டுபவர் கையை விரித்துவிட்டார். லைன் பார்க்கும் ஆட்கள் விட்டுப்போன தள்ளுவண்டி ஒன்று கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்தது. அக்கா அதைத் தண்டவாளத்தில் ஏற்றச் செய்து, அந்தப் பெண்ணைப் படுக்க வைத்து, பாலத்தின் மேல் தள்ளிக்கொண்டே அக்கரை சேர்ந்தாள். குழந்தை ஆஸ்பத்திரிக்குள் போய்த்தான் பிறந்தது. மறுநாளே ஆளாளுக்கு வந்து, "என்னையும் கொண்டுபோய் விடு" என்று நிற்க ஆரம்பித்தார்கள்.

வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் மாமா, அதாவது அவள் கணவர், வண்டிக்குப் பெஞ்சும் சக்கரத்தை அழுத்திப் பிடிக்கிற பிரேக் கட்டையும் வைத்துக்கொடுத்தார். யாரும் அனுமதி கொடுக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. ஊரில் அவளுக்கு இன்ஜின் என்று பெயர் விழுந்தது. "நம்ம ஊர்ல ரயில்தான் ஓடல, இன்ஜின் ஓடிக்கிட்டே இருக்கு" என்பது மாமாவின் பழைய ஜோக். வாரம் ஒரு முறையாவது சொல்வார்.

நான் போய் இறங்கியபோது அக்கரையில் வண்டியோடு காத்திருந்தாள். கழுத்தில் துண்டு, காலில் தேய்ந்த ரப்பர் ஷூ, என்னைப் பார்த்ததும் முதல் பேச்சே, "என்னடா, தலையைக் கழுதை மேஞ்சிருக்கு?"

பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் எதிரே பால்காரரின் வண்டி வந்தது. அந்தத் தடத்தில் இன்னொரு தள்ளுவண்டி அவருடையதுதான். ஒற்றைத் தண்டவாளம், ஒருவர் இறங்கியாக வேண்டும். அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு: பாரம் குறைந்த வண்டியை இறக்கி வழிவிட வேண்டும்.

"என்கிட்ட நாலு கேன் இருக்கு, இறக்கு இன்ஜினு" என்றார் பால்காரர்.

"கேன் பாதிதான் இருக்கு. என் தம்பியைப் பாருங்க. வெளிநாட்டுச் சோறு. இவன் ஒருத்தனே ஆறு கேன் தேறுவான்."

பால்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "தேறுவார் போலத்தான் இருக்கு" என்று பெருமூச்சு விட்டுத் தன் வண்டியை இறக்கினார். அவர், அக்கா, நான் மூன்று பேரும் சேர்ந்து தூக்க வேண்டியிருந்தது. என் விரல் நசுங்கியது. "பேப்பரைத் தவிர வேற எதையாவது தூக்கியிருக்கியா நீ?" என்றாள் அக்கா.

ரயில் பற்றிய கூட்டம் அந்த வாரமே நடந்தது. நூலகத்துக் கூடத்தில் இடப்பக்கம் ரயில் வேண்டும் என்பவர்கள்: குவாரி மறுபடி திறந்தால் வேலை கிடைக்கும் என்று காத்திருப்பவர்கள். வலப்பக்கம் வேண்டாம் என்பவர்கள்: வேறு குவாரிகளிலிருந்து கல் ஏற்றும் லாரிக்காரர்கள், குவாரித் தூசிக்குப் பயந்தவர்கள். இரண்டு மொழியில் படித்தவன் ஆயிற்றே, அக்காவுக்காகப் பேச வேண்டியிருக்கும் என்று குறிப்பெல்லாம் எழுதி வைத்திருந்தேன். "நீ தண்ணி பாட்டிலைப் பிடிச்சுக்கோ, போதும்" என்றாள்.

வாசலிலேயே லாரிக்காரர்களின் தலைவர் மடக்கினார். "அக்கா, நீங்க எழுந்து ரெண்டு சொட்டுக் கண்ணீர் விட்டா போதும். ரயில் வராது."

"கண்ணீர் வேணும்னா வெங்காயம் வாங்கி உரிங்க, தம்பி."

எந்தப் பக்கம் உட்காருவாள் என்று கூடமே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய், இரண்டு பக்கத்துக்கும் நடுவிலிருந்த வழியில் போட்டு உட்கார்ந்தாள்.

முறை வந்ததும் எழுந்தாள்.

"ரயில் வேண்டாம்னு நான் சொல்ல வரல. என் பக்கத்து வீட்டுப் பையன் மூணு வருஷமா வேலை தேடுறான். ஆனா ரயில் ஒரு நாளைக்கு ரெண்டு தடவைதான் போகும்னு சொல்றீங்க. மத்த நேரம் பாலம் சும்மா கிடக்கும். எங்க தடத்துல, எதிரெதிரே வந்தா பாரம் கம்மியா இருக்கிறவங்க இறங்கணும். ரயில் வந்தா நான் இறங்கிடறேன். ரயில் இல்லாதப்போ எனக்கு வழி விடுங்க. எனக்கும் பால்காரருக்கும்."

இரண்டு பக்கமும் கை தட்டியது. ரயில்வே தரப்பில் வந்திருந்த பெண் பொறியாளர் மட்டும் கை தட்டவில்லை, யோசித்துக்கொண்டிருந்தார்.

"உங்க வண்டியை நீங்க ஒருத்தரே தண்டவாளத்திலிருந்து இறக்க முடியுமாம்மா?"

அக்கா பொய் சொல்லவில்லை. "முடியாது. மூணு பேர் வேணும்."

"சக்கரம் இரும்புதானே? புது சிக்னல் போட்டா, தண்டவாளத்துல லேசா மின்சாரம் ஓடும். உங்க சக்கரமும் அச்சும் ரெண்டு தண்டவாளத்தையும் இணைச்சுடும். ரயிலே நிக்குதுன்னு நினைச்சு சிக்னல் சிவப்பாயிடும். உங்களுக்கு வழி விட எனக்கு ஆசைதான். இந்த வண்டிக்கு முடியாதும்மா."

கூடத்தில் யாரோ, "இன்ஜின் ஆஃப்" என்றார்கள். சிரிப்பு எழுந்தது. அக்கா உட்காரவில்லை.

"வேற வண்டிக்கு முடியுமா?"

பொறியாளர் கொஞ்சம் தயங்கினார். "மின்சாரம் கடக்காத வண்டி, ஒரே ஆள் இறக்கக்கூடிய வண்டி… கொண்டுவந்தா நான் பார்க்கிறேன். பார்த்துட்டு மேலே பேசறேன். அவ்வளவுதான் என் கையில இருக்கு."

"அது போதும் மேடம்" என்று சொல்லிவிட்டு, நாற்காலியை எடுத்த இடத்தில் வைத்துவிட்டு வெளியே நடந்தாள்.

மறுநாள் காலை பட்டறையில் வண்டி கவிழ்ந்து கிடந்தது. மாமா தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"இருபது வருஷம் ஓடின வண்டியை ஒரு கூட்டத்துல வித்துட்டு வந்துட்டா உங்க அக்கா."

"விக்கல. பிரிக்கிறேன். பேசாம அந்த ஸ்பானரை எடுங்க."

மேல்பலகை தனியாகக் கழலும்படி செய்தார்கள். அச்சுக்கு இரும்புக் கம்பிக்குப் பதில் குழாய். பெஞ்சின் கனமான கால்கள் போயின. அச்சுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் செருக மாமா குவாரியில் கல் நகர்த்திய கன்வேயர் பட்டையின் பழைய உருளையிலிருந்து, மின்சாரம் கடத்தாத நைலான் வளையம் கடைந்தார். சோதிக்க ஒரு பேட்டரியும் சின்ன பல்பும். ஒரு சக்கரத்தில் ஒரு கம்பி, எதிர்ச் சக்கரத்தில் மறு கம்பி. பல்பு எரிந்தால் மின்சாரம் கடக்கிறது என்று அர்த்தம்.

பளிச்சென்று எரிந்தது.

"நல்லா எரியுதே" என்றேன் வாய் தவறி. இருவரும் என்னை முறைத்தார்கள். சக்கரத்தைப் பிடித்திருந்த போல்ட் அச்சை உரசிக்கொண்டிருந்தது. மாமா முணுமுணுத்தபடி அதற்கும் ஒரு நைலான் உறை மாட்டினார். இரண்டாவது முறையும் எரிந்தது. மாமா வேலையை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். அக்கா போகவில்லை. ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டிருந்தாள். கடைசியில் பல்பு இருட்டாகவே இருந்தது. பல்பு கெட்டுவிட்டதோ என்று கழற்றி வேறொன்று போட்டுப் பார்த்தாள். அதுவும் எரியவில்லை. "ஏங்க! எரியலங்க!" என்று அவள் போட்ட கூச்சலுக்கு மாமா கை கழுவாமல் ஓடிவந்தார். விளக்கு எரியாததற்குக் கை தட்டிய வீடு உலகத்தில் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

அடுத்தது தூக்குவது. தினமும் விடிந்ததும் பலகையை இறக்கி, ஒரு அச்சு, மறு அச்சு, திரும்ப ஏற்றல். முதல் நாள் முழங்காலில் அடி. மூன்றாம் நாள் இடுப்பு பிடித்துக்கொண்டது. "வேணாம்க்கா, நான் மாசாமாசம் ஏதாவது அனுப்பறேன்" என்று ஆரம்பித்தேன். "அனுப்பு. ஆஸ்பத்திரி போறவங்களை யாருடா தள்ளிட்டுப் போவா, உன் பேங்க்கா?" என்று கேட்டுவிட்டு மறுபடி குனிந்தாள்.

பொறியாளர் சொன்னபடி வந்தார். தன் பெட்டியிலிருந்த மீட்டரைச் சக்கரங்களில் வைத்துப் பார்த்தார், சரி என்று தலையாட்டினார். பிறகு, "ரயில் வருதுன்னு வெச்சுக்கோங்க" என்றார். அக்கா பலகையைச் சாய்த்து இறக்கி, அச்சுகளை உருட்டி ஓரத்தில் போட்டு, தானும் தள்ளிப்போய் நின்று மூச்சு வாங்கினாள். பால்காரர் விசிலடித்தார். அவருடைய வண்டி ஏற்கெனவே எங்கள் பட்டறையில் கவிழ்ந்து கிடந்தது.

பொறியாளர் கடைசியாகக் கேட்டார். "பாலத்து நடுவுல ஃபோன் வந்தா?"

"அடிக்கட்டும். பாலத்துல பிரேக்கை விட்டுக் கை எடுக்க மாட்டேன்."

"யார் கூப்பிட்டாலும்?"

"யாரா இருந்தாலும் கரை சேர்ந்தப்புறம்தான்."

அவர் சிரித்தார். "மேலே பேசிட்டு நானே கூப்பிடறேன்."

நாள்கள் போயின. அழைப்பு வரவில்லை. நான் அக்காவின் ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பால்காரரின் வண்டிக்கு வளையம் செருகிக்கொண்டிருந்தாள். என் விடுப்பும் முடிந்தது.

நான் திரும்பிப் போகும் காலை, புது வண்டியில் என் பெட்டிக்குப் பக்கத்தில் கையில் கட்டோடு ஒரு பெரியவர்; ஆஸ்பத்திரிக்குப் போகிறார். அக்காவின் ஃபோன் என் மடியில். பாலம் ஏறிவிட்டோம். கட்டைகளின் இடைவெளியில் ஆறு தெரிந்தது. பாதி தூரத்தில் ஃபோன் அதிர்ந்தது. திரையில் பொறியாளருக்கு அவள் பதிந்து வைத்த பெயர்: சக்கர மேடம்.

"அக்கா! அவங்கதான்!"

"தெரியுது. ஆடாம உக்காரு."

"நான் எடுத்துப் பேசட்டுமா?"

"சொன்ன சொல்லு உன்னோடதா, என்னோடதா? ஓட்டறது நான். வண்டியில ஏறினவங்களுக்கும் அதே சட்டம்தான்."

"கட் ஆயிடும்க்கா!"

"ஆகட்டும். மறுபடி கூப்பிடுவாங்க. கூப்பிடலன்னா நான் நேரா போய் நிப்பேன். முடியாதுன்னு சொன்னா என்ன குறைன்னு கேட்டு, அதையும் சரி பண்ணி எடுத்துட்டுப் போவேன். நீ பெட்டியைப் பிடி."

மணி நின்றது. பெரியவர் என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன். இன்னும் பாதிப் பாலம் இருந்தது. ஃபோன் மறுபடி அடிக்கத் தொடங்கியது. அக்கா ஒரு கையைப் பிரேக் கட்டையில் வைத்தபடி, குனிந்து, அதே சீரில் தள்ளிக்கொண்டே வந்தாள்.