நம்பர் இல்லாத துவக்கு

லண்டன் ஹரோவில் ஒரு வீட்டின் கூரைக்குக் கீழே உள்ள சாமான் அறையில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கையை விட்டேன். பழைய திரைச்சீலையில் சுற்றிய நீளமான ஏதோ ஒன்று அகப்பட்டது. திரைச்சீலைக் கம்பி என்று நினைத்து இழுத்தேன். சீலை அவிழ, இரட்டைக்குழல் துவக்கு ஒன்று என் மடியில் கிடந்தது.

இரண்டாயிரமாம் ஆண்டுகளின் நடுப்பகுதி அது. இறந்தவர்களின் வீடுகளை விற்பதற்கு முன் வெறுமையாக்கிக் கொடுக்கும் வேலை எனக்கு. முதலாளி என்னைவிட இளையவர். பிரான்ஸில் நெடுங்காலம் இருந்து, அந்த நாட்டுப் பாஸ்போர்ட்டோடு லண்டனுக்கு வந்தவர். நான் அவரைத் தம்பி என்பேன், அவர் என்னை அண்ணை என்பார். என் நிரந்தர விசா விண்ணப்பத்துக்கு இன்னும் முடிவு வரவில்லை. முடிவு வரும்வரை பொலிஸோடு எந்தக் கரைச்சலும் கூடாது, பஸ்ஸில் டிக்கெட் இல்லாமல்கூடப் பிடிபடாதீர்கள் என்று வக்கீல் சொல்லியிருந்தார்.

"தம்பி, ஒருக்கா மேலை வாரும்."

ஏணியில் ஏறி வந்தவர் பாதி உடம்போடு அப்படியே நின்றார்.

"ஐயோ அண்ணை. முதல்லை நம்பரைப் பாருங்கோ."

வேறு யாராவது என்றால் உள்ளே தோட்டா இருக்கிறதா என்று பார்த்திருப்பார்கள். எங்கள் இருவருக்கும் நம்பர்தான் நினைவுக்கு வந்தது. எங்கள் ஊர்ப் பக்கத்தில் குரங்கும் பன்றியும் விரட்ட லைசன்ஸ் துவக்கு வைத்திருந்தவர்கள் அதன் நம்பரை மனப்பாடமாகச் சொல்வார்கள். கச்சேரியில், அதாவது அரசாங்கக் கந்தோரில், அது பதிந்திருக்கும். எண்பதுகளில் இயக்கத்துப் பெடியள் வந்து துவக்குகளை வாங்கிக்கொண்டு போனார்கள். பிறகு அதே நம்பர்களோடு ஆமிக்காரர் வந்து துவக்கைக் காட்டு என்றார்கள். காட்ட முடியாத என் சித்தப்பாவை ட்ரக்கில் ஏற்றினார்கள். திரும்பி வந்தபோது அவருக்கு ஒரு காது கேட்கவில்லை. நம்பர் இருந்த இடத்தை அரத்தால் அராவி மினுக்கிய துவக்குகளையும் பின்னாளில் கண்டிருக்கிறேன். நம்பர் இருந்தால் சொந்தக்காரனைத் தேடி வருவார்கள். இல்லாவிட்டால் கையில் வைத்திருப்பவன் அகப்படுவான்.

டார்ச் அடித்துத் தேடினோம். குழலின் பக்கத்தில் கிரீடம் போட்ட சின்ன முத்திரைகள் தெரிந்தன. நம்பர் எங்கும் இல்லை.

"அராவிப்போட்டாங்கள்," என்றார் தம்பி. "செத்துப்போன வீட்டுக்காரக் கிழவர் சும்மா ஆள் இல்லை. பாங்கைக் கொள்ளையடிச்ச காசுச் சாக்கும் உங்கை எங்கையும் கிடக்கோ பாருங்கோ."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. துவக்கைப் பலகையில் வைத்துவிட்டு கைகளைக் காற்சட்டையில் துடைத்தேன். அதில் என் விரல்கள் எங்கெல்லாம் பட்டன என்று யோசித்தேன்.

"எங்கடை வான் வண்டிக்குள்ளை இரும்பு வெட்டுற கிரைண்டர் கிடக்கு. நாலாய் வெட்டிப் பழைய இரும்போடை தள்ளுவம்."

"வேண்டாம் தம்பி. வெட்டினால் பிறகு நாங்கள்தான் கள்ளர்."

"பொலிஸ் வந்தால் உங்கடை விசா என்னாகும்? எனக்கென்ன, நான் பிரெஞ்சுக்காரன். உங்களுக்காகத்தான் சொல்லுறன்."

பஸ்ஸில் இறங்க மணி அடிக்கவே கூச்சப்படுகிற ஆள் நான். ஆனால் கிரைண்டர் சத்தம் தெருவுக்கே கேட்கும். அவருடைய போனை வாங்கி நானே பொலிஸுக்கு அடித்தேன். "ஓல்ட் கன். ரூஃப். நொட் மை கன்." மறுமுனையில் இருந்த பெண் முகவரியைத் திருப்பித் திருப்பிக் கேட்டாள். நான் நொட் மை கன் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் தம்பி போனைப் பறித்து முகவரியைச் சொன்னார்.

அவர்கள் வரும்வரை என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. படியில் ஏறினேன், இறங்கினேன். சமையலறையில் சோப்புப் போட்டுக் கை கழுவினேன். கழுவியதே குற்றம்போலத் தெரியுமோ என்று பயம் வந்தது. தம்பி படியில் குந்தி ரோல்ஸ் தின்றுகொண்டிருந்தார்.

"இருங்கோ அண்ணை. நீங்கள் நடக்கிறதைப் பார்த்தாலே பிடிச்சுக்கொண்டு போவாங்கள்."

ஒரு இளம் பொலிஸ்காரியும், துவக்கு லைசன்ஸ் பகுதியில் வேலை செய்யும் வயதானவர் ஒருவரும் வந்தார்கள். அவர் துவக்கை மடித்துத் திறந்து, உள்ளே வெறுமை என்று காட்டினார். நான் பொறுக்க முடியாமல், "நோ நம்பர், சேர். வீ நொட் கட்," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டு நிறையப் பேசினார். தம்பி எனக்குச் சொன்னார்:

"ஒருத்தரும் அராவேல்லையாம். பிறக்கேக்கையே நம்பர் இல்லையாம். அந்தக் காலத்திலை குழல் வெடிக்காது எண்டு சோதிச்சு முத்திரை குத்தினால் சட்டத்துக்குப் போதுமாம். அந்தக் கிரீடம் அதுதான். பெரிய கம்பனிக்காரர் தங்கடை கணக்குக்கு நம்பர் போட்டவையாம். மலிவுத் துவக்குக்கு ஆர் மினக்கெடுறது? அமெரிக்காவிலையும் அறுபதுகளின்ரை கடைசியிலைதான் கட்டாயமாக்கினவங்களாம். இஞ்சை இந்த மாதிரித் துவக்குகளை ஒவ்வொண்டாய் லைசன்ஸிலை எழுதத் தொடங்கினது எண்பதுகளின்ரை கடைசியிலையாம். அதுவும் நம்பர் இருந்தால் எழுதுறது. இந்தத் துவக்குத் தாத்தாவை இதுவரைக்கும் ஒருத்தரும் எங்கையும் எழுதேல்லை எண்டுறார்."

எண்பதுகளின் கடைசி என்றதும் எனக்குச் சித்தப்பாவின் காது நினைவுக்கு வந்தது. எங்களுக்குத் துவக்கு லைசன்ஸ் பழக்கியவர்களே எங்களை ஆண்ட இந்த வெள்ளைக்காரர்கள்தான். எங்கள் குரங்குத் துவக்குக்குக் கச்சேரியில் நம்பர் இருந்தபோது, இவர்களுடைய துவக்கு திரைச்சீலைக்குள் படுத்திருந்தது. இதை ஆங்கிலத்தில் சொல்லவேண்டும்போல இருந்தது. சொல்லத் தெரியவில்லை. தம்பியிடம் சொல்லச் சொல்லவும் கூச்சமாக இருந்தது.

பொலிஸ்காரி ஒரு அட்டையில் நம்பர் ஒன்றை எழுதித் துவக்கில் கட்டினாள். பிறகு அதே நம்பர் எழுதிய தாளை நீட்டி, கண்டெடுத்தவர் ஒப்பமிட வேண்டும் என்றாள். துவக்கு நம்பருக்குக் கீழே என் பெயர். பேனை கையில் நின்றுவிட்டது.

"சேர், மை விசா?"

"அண்ணை, உதெல்லாம் கேட்கேலாது," என்று தம்பி என் சட்டையை இழுத்தார்.

வயதானவருக்கு விளங்கிவிட்டது. மெதுவாக, எனக்குப் புரியும்படி சொன்னார். நீ கண்டாய், சொன்னாய். இதில் அவ்வளவுதான் இருக்கிறது. நான் ஒப்பமிட்டேன்.

நம்பினேன் என்று சொல்ல முடியாது. அந்தக் குளிர்காலம் முழுவதும் எங்கள் தெருவில் பொலிஸ் கார் மெதுவாகப் போனால் வெளிச்சத்தை அணைத்துவிட்டு நின்றேன். விசா வசந்தத்தில் வந்தது. துவக்கைப் பற்றி எவரும் கேட்கவில்லை. ஆனாலும் எந்த வீட்டிலும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் டார்ச் அடிக்காமல் நான் கை விடுவதில்லை. கீழே நின்று தம்பி கத்துவார்:

"என்ன அண்ணை, இன்னொரு தாத்தாவோ?"

"இல்லைத் தம்பி," என்பேன். ஆனால் இன்னொரு தடவை அடித்துப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவேன்.