ஏலம் கூடாது என்ற வருஷம்

நான் உவரிக் கடற்கரையில் மீன் ஏலம் போடுகிறவன். படிப்பு ஐந்தாவது. தொண்டைதான் தொழில்.

கொரோனா வந்த வருஷம், ஏலம் போட்டால் கூட்டம் சேரும் என்று நிறுத்திவிட்டார்கள். ஓர் அதிகாரி வந்து கறுப்புப் பலகை நட்டார். விலை கூடின சீலா மீனுக்கு ஒரு விலை, மலிவான சாளை மீனுக்கு ஒரு விலை. கூடவும் கூடாது, குறையவும் கூடாது. என் வாய்க்கு மாஸ்க் கொடுத்தார்.

அந்த வாரம் என் மச்சானின் படகு என்ஜின் பழுதாகிப் பேட்டையில் ஒரு பட்டறையில் கிடந்தது. இரவல் என்ஜினில் கடலுக்குப் போனான். சனிக்கிழமை அதைத் திருப்பித் தர வேண்டும். அதற்குள் பட்டறைக்குப் பணம் கட்டித் தன்னுடையதை மீட்காவிட்டால் கரையில் உட்கார வேண்டியதுதான்.

வியாழக்கிழமை கூடை நிறையச் சீலா கொண்டுவந்தான். ஊரெல்லாம் மீனுக்கு ஏங்கிக் கிடந்த நேரம். ஆறு வியாபாரிகள் நின்றார்கள். ஆறு பேருக்கும் ஒரே விலை. யாருக்குக் கொடுப்பது?

அதிகாரி யோசித்தார். "சீட்டுக் குலுக்குங்க" என்றார்.

ஆறு பெயரையும் எழுதி ஒரு சட்டிக்குள் போட்டுக் குலுக்கினோம். பாளையங்கோட்டைக்காரர் ஒருவருக்குச் சீட்டு விழுந்தது. பலகை விலையை மச்சானிடம் கொடுத்தார். கூடையை ஐஸ் கிடங்குக்குப் பின்னால் கொண்டுபோய் என்னைக் கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, மாஸ்கைக் கழட்டும்வே. ஏலத்தப் போடும்."

போட்டேன். மற்ற ஐந்து பேரும் போட்டி போட, பலகை விலைக்கு இரண்டு மடங்குக்குப் போனது. எனக்குக் கமிஷன் வந்தது. மச்சான் பார்த்துக்கொண்டே நின்றான்.

"என் கையில இருக்கும்போது அது மீன் இல்லையாக்கும்?" என்றான்.

நான் மாஸ்கை மறுபடி மாட்டிக்கொண்டேன். பையில் கமிஷன் இருந்தது.

வெள்ளிக்கிழமையும் சீலா. இந்தத் தடவை மச்சான் தன் பெயரையும் எழுதிச் சட்டிக்குள் போட்டான்.

"உங்க மீனை நீங்களே வாங்குவீங்களா?" என்றார் அதிகாரி.

"இவ்வளவு மலிவா வேற எங்க சார் கிடைக்கும்?"

வாங்கக் கூடாது என்று பலகையில் எழுதவில்லை. சீட்டு மச்சானுக்கே விழுந்தது. இடது பையிலிருந்து பணத்தை எடுத்து வலது பையில் போட்டுக்கொண்டான். கிடங்குக்குப் பின்னால் நான் தொண்டை கிழியக் கத்தினேன். சனிக்கிழமை பேட்டையிலிருந்து என்ஜின் வந்துவிட்டது.

திங்கட்கிழமை எல்லாப் படகுக்காரர்களும் பெயர் போட்டார்கள். செத்துப்போன என் மாமனார் பெயர்கூடச் சட்டிக்குள் கிடந்தது. அதிகாரி பலகையைப் பிடுங்கி மணலில் எறிந்தார்.

"என்னமும் செய்ங்க. தள்ளி நின்னு கத்துங்க."

மறுநாள் மச்சான் சொந்த என்ஜினில் போனான். படகு நிறையச் சாளை. அவனுக்கு மட்டுமல்ல, எல்லாப் படகிலும் சாளை. கரையே வெள்ளையாகக் கிடந்தது. நான் கத்தக் கத்த விலை இறங்கியது. கடைசியில் டீசலுக்குக் கூடக் காணாது.

மச்சான் என் கையைப் பிடித்தான்.

"ஏலே, கத்துறத நிறுத்து. அந்தப் பலகை எங்கன?"

"எதுக்கு?"

"சாளைக்கு ஒரு விலை எழுதியிருந்தாவல்லா. அது நியாயமான விலைலே."

தேடிப் போனோம். பலகை டீக்கடையில் நின்றது. சாளையை அழித்துவிட்டு வடை விலை எழுதியிருந்தார்கள்.

ஆளுக்கு இரண்டு வடை தின்றோம். பேரம் பேசவில்லை.