அப்பாவுக்கு ஒரு நாமினி

வயதான அப்பா அம்மாவின் பண விவகாரங்களை ஒழுங்குபடுத்துவது சம்பளமும் கிடையாத, ராஜினாமாவும் செய்ய முடியாத உத்தியோகம். இதில் மாட்டிக்கொண்டு முழிக்கும் சக ஊழியர்களே, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

நான் திண்டுக்கல்லில் வாக்கப்பட்டவள். அப்பாவும் அம்மாவும் அகரத்தில் மல்லிகைத் தோட்டத்தோடு இருக்கிறார்கள். பூ விற்ற காசெல்லாம் அப்பா பெயரில் உள்ள ஒரே பேங்க் கணக்கில். நாமினி என்று யார் பெயரும் அதில் இல்லை. நாளைக்கு அவருக்கு ஒன்று என்றால், அம்மா தன் வீட்டுக் காசுக்கே ஆபீஸ் ஆபீஸாக அலைய வேண்டும். அந்தப் பயம்தான் என்னை வாரம் தவறாமல் பஸ் ஏற்றியது. பெங்களூரில் இருக்கும் அண்ணன், "எது வரைக்கும் வந்துச்சு?" என்று வாட்ஸ்அப்பில் கேட்பதோடு சரி.

ரகசிய நம்பர்

"ஏடிஎம் நம்பரை யாருகிட்டயும் சொல்லலையேப்பா?" என்று முதல் நாளே கேட்டேன். "நான் என்ன கிறுக்கனா? டீக்கடை முருகேசன்கிட்ட மட்டும்தான் சொன்னேன். மறந்து போனா ஞாபகப்படுத்த ஆளு வேணும்ல?" என்றார்.

தலையில் அடித்துக்கொண்டு, அன்றைக்கே அவரைக் கூட்டிப்போய் நம்பரை மாற்றினேன். யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று சத்தியமும் வாங்கிக்கொண்டேன். அடுத்த வாரம் பஸ்ஸை விட்டு இறங்குகிறேன், முருகேசன் கடையிலிருந்தே குரல் கொடுக்கிறார்: "நம்பர மாத்திட்டியாம்ல தாயி? பழசுதான் மனசுல நல்லா நின்னுச்சு!"

மலை மேல் ஒரு பங்காளி

ஒவ்வொரு தடவை பூ விற்றதும் பழனி முருகனுக்கு என்று ஒரு பங்கு எடுத்து வைப்பது அப்பாவின் வழக்கம். தோட்டத்தில் சாமியும் ஒரு பங்காளி, அவ்வளவுதான்.

பேங்கில் ஒட்டன்சத்திரம் பக்கத்துப் பெண் ஒருத்தி, மரியாதை தெரிந்தவள், நாமினி பெயரைக் கேட்டாள். "பழனியாண்டவரைப் போட்டுக்கம்மா. நம்மள ஏமாத்த மாட்டாரு" என்றார் அப்பா, கொஞ்சமும் சிரிக்காமல். எனக்கு எங்கே போய் ஒளிவது என்று தெரியவில்லை. அவள் அசரவே இல்லை: "ஏனுங்கய்யா, உண்டியல்ல போட்டா சாமி பேசாம வாங்கிக்குவாருங்க. இங்க போட்டா அவரே ஆதார் கார்டோட வரணுமுங்க."

அம்மாவின் வேண்டுதல்

சரி, அம்மா பெயரையே போடுவோம் என்று அப்பா இறங்கி வந்தார். வேலை முடிந்தது என்று நான் பெருமூச்சு விடுவதற்குள், பக்கத்தில் இருந்த அம்மா ஃபாரத்தைப் பிடுங்கிக்கொண்டாள். இத்தனை நாள் அப்பாதான் முட்டுக்கட்டை என்று நினைத்திருந்தேன்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. உனக்காகத்தானே இவ்வளவு பாடும் என்று பேங்க் என்றும் பாராமல் கத்திவிட்டேன். அப்பா ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள்: "மஞ்ச குங்குமத்தோட இவருக்கு முன்னால போகணும்னு வேண்டிக்கிட்டுக் கெடக்கேன். நீ எம் பேர இதுல எழுதி, சாமிகிட்ட வேற கணக்குச் சொல்றியாடி?"

அவள் கையிலிருந்த ஃபாரத்தை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்தேன். இதற்குப் பதில் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கூட்டுக் கணக்கு

அடுத்த வாரம் அந்தப் பேங்க் பெண்ணே வழி சொன்னாள். நாமினி பேச்சை அப்புறம் பார்க்கலாம், இப்போதைக்கு இரண்டு பேர் பெயரிலும் கூட்டுக் கணக்காக மாற்றிவிடலாம், யார் வந்தாலும் பணம் எடுக்கலாம். அம்மாவுக்கு அது பிடித்திருந்தது. "இவரக் கேக்காமலேயே எடுக்கலாமா?" என்று இரண்டு தரம் உறுதி செய்துகொண்டாள்.

ஆனால் ஃபாரத்தில் 'இருவரில் ஒருவர் அல்லது உயிரோடு இருப்பவர்' என்று ஒரு வரி இருந்தது. மறுபடியும் வம்பு வேண்டாம் என்று அதன் மேல் கையை வைத்து மறைத்தேன்.

"கைய எடுடி, நானும் அஞ்சாப்புப் படிச்சவதான்" என்றாள். எழுத்துக் கூட்டிப் படித்தாள். அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு பேனாவை வாங்கிக்கொண்டே சொன்னாள்: "இருக்கவருன்னுதான போட்டிருக்கு? யாருன்னு போடலைல்ல. அதச் சாமி பாத்துக்கிடட்டும்."

ஆக, யார் முந்திப் போவது என்கிற ஒரு பாக்கியைத் தவிர எங்கள் வீட்டுக் கணக்கெல்லாம் சரியாகிவிட்டது. அந்தப் பாக்கி எத்தனை வருஷம் இழுத்தாலும் எனக்குச் சம்மதம்.