வேண்டாம் என்று அழுத்தியவர்

என் சகலை ஒரு தொழிற்சாலையின் வாசலில் காவல் நின்றே தலை நரைத்தவர். அங்கே அவருக்கு வைத்த பெயர் 'நோ என்ட்ரி'. முதலாளியின் மாமனாரையே அடையாள அட்டை இல்லை என்று வெயிலில் நிறுத்தி வைத்த புண்ணியவான். யார் எதைக் கேட்டாலும் முதலில் 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டு, என்ன கேட்டார்கள் என்று பிறகுதான் யோசிப்பார். டீ குடிக்கிறீர்களா என்றாலும் வேண்டாம்தான். டம்ளரைப் பக்கத்தில் வைத்துவிட்டு நகர்ந்தால் குடித்திருப்பார். இந்தக் குணத்தால் எனக்கு ஏறிய எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல.

அவர் மனைவி, அதாவது என் மனைவியின் அக்கா, காலமாகிச் சில வருடங்கள் ஆகின்றன. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் அவர் வீட்டில்தான் இருப்பேன்.

மனிதர் இளகுவது பாட்டுக்கு மட்டும்தான். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் தன் பழைய கேசட்டுகளை ஒவ்வொன்றாக ஓடவிட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். அது கூடத்து மூலையில் துணி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அதிலிருந்து வைஃபை வழியாகப் பாட்டை எடுத்துக்கொள்ள வீட்டில் இரண்டு ஸ்பீக்கர்கள் உண்டு. ஒன்று சமையலறையில்; அவர் மனைவி போனதிலிருந்து அதை யாரும் தொடுவதில்லை. இன்னொன்று மாடியில், அவருடைய கூடப்பிறந்த அக்காவின் தையல் மெஷினுக்குப் பக்கத்தில்.

மாடி அக்கா கணவரை இழந்த பிறகு அந்த மெஷினோடு அங்கே குடிவந்தவர். தினமும் காலையில் மாடி ஸ்பீக்கர் தானாகவே கம்ப்யூட்டரைத் தேடி, இவர் வரிசைப்படுத்தி வைத்த பாட்டுகளைப் பாட ஆரம்பிக்கும். முதல் பாட்டு எப்போதும் ஒன்றுதான். அதில் ஓரிடத்தில், பாடுகிறவர் தண்ணீரில் முங்கி எழுந்தது மாதிரி குரல் குழைந்து இழுக்கும். சின்ன வயதில் அக்கா கேசட் நாடாவை உருவிப்போட்டு, பென்சிலால் சுற்றி வைத்ததன் பலன். அந்த இடம் வந்ததும் அக்கா மெஷினை நிறுத்திவிட்டுச் சிரிப்பார். கீழே அந்தச் சிரிப்பைக் கேட்ட பிறகுதான் இவருக்குப் பொழுது விடியும்.

இவர்கள் இரண்டு பேருக்கும் சண்டை வந்தது சாவியால். குளியலறையில் இவர் வழுக்கி விழுந்தபோது, வாசல் கதவு உள்பக்கம் பூட்டியிருந்தது. இவர் தட்டுத்தடுமாறி எழுந்து வந்து திறக்கும்வரை அக்கா வெளியே நின்று கதவைத் தட்டித் தட்டி ஓய்ந்துபோனார். "இனிமே உன் வீட்டுச் சாவி ஒண்ணு எங்கிட்ட இருக்கட்டும்டா" என்றார் அன்றைக்கே.

"முடியாது. சாவின்னா ஒருத்தர் கையிலதான் இருக்கணும்" என்றார் இவர். காவல் வேலையில் படித்த பாடம்.

"அப்போ நானும் வெளியாள்தான்."

மாடிக்குப் போன அக்கா அதன்பிறகு இவரோடு பேசவில்லை; இவரும் பேசவில்லை. ஆனால் காலையில் பாட்டு மேலே போனது, சிரிப்பு கீழே வந்தது. தானாகச் சரியாகிவிடும் என்று நானும் தலையிடவில்லை.

அடுத்த வாரம் நான் போனபோது அக்கா மாடிப்படியின் கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் புடைத்துக்கொண்டு ஒரு பை.

"எங்கக்கா கிளம்பிட்டீங்க?"

"மக வீட்டுக்கு. மத்தியானம் வண்டியோட வரா. மெஷினை அப்புறமா ஆள் விட்டு எடுத்துக்கறேன்."

"திரும்பி வரமாட்டீங்களா?"

"எதுக்கு வரணும்? பேசாம இருந்தான், பொறுத்துக்கிட்டேன். அவன் சுபாவம் தெரிஞ்சதுதானே. இப்ப பாட்டையும் நிறுத்திட்டான் தம்பி. அதை என்னால தாங்க முடியல."

உள்ளே போனால் சகலை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். "நானா நிறுத்தினேன்? கம்ப்யூட்டர் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. அவதான் ஸ்பீக்கரை அணைச்சுட்டா. சிரிப்புச் சத்தமே வரல."

"போய் ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"நான் ஏன் கேக்கணும்?"

அந்தப் பையில் இடமிருந்தால் இவரையும் சேர்த்து அடைத்து அனுப்பியிருப்பேன். கோபத்தை ஓரம் கட்டிவிட்டு, சமையலறை ஸ்பீக்கரைத் துடைத்து மாட்டினேன். என் போனிலிருந்து இணைய வானொலியைப் போட்டேன். கணீரென்று செய்தி வாசித்தது. கம்ப்யூட்டரிலிருக்கும் பாட்டைக் கேட்டேன், கப்சிப்.

"பாத்தீங்களா? இதுவும் பாடல. இதையும் அக்காவா வந்து அணைச்சாங்க?"

சகலை நாற்காலியை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

எல்லாவற்றையும் ஒருமுறை அணைத்துப் போட்டேன். உலகத்தில் எல்லாரும் பார்க்கும் முதல் வைத்தியம். பலிக்கவில்லை. பாட்டைப் பகிர்கிற புரோகிராம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. போனில் தேடினால் வீட்டிலுள்ள இரண்டு ஸ்பீக்கரும் தெரிகின்றன, டிவி தெரிகிறது. கம்ப்யூட்டர் மட்டும் அந்த வீட்டிலேயே இல்லாதது மாதிரி மறைந்து நிற்கிறது.

"எப்போலேர்ந்து சகல இப்படி?"

அவர் மோவாயைத் தடவினார். "இந்த வாரம் ஒருத்தன் வந்து புது வைஃபை பெட்டி மாட்டிட்டுப் போனானே, அதுலேர்ந்து."

"மாட்டினதும் கம்ப்யூட்டர் ஏதாவது கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. இங்க இருக்கற மத்த கருவிங்க கண்ணுல நான் படலாமான்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வேண்டாம்னு அழுத்தினேன்." நிமிர்ந்து உட்கார்ந்து, கடமையை முடித்த முகத்தோடு சொன்னார். "யாரு என்னன்னு தெரியாம விட்டுட முடியுமா?"

"அந்த யாரோ உங்க அக்காதான் சகல."

அவர் முகம் விழுந்துவிட்டது. அதுவரை இருந்த எரிச்சலெல்லாம் போய் எனக்குப் பாவமாக இருந்தது. அவர் சொன்ன அந்த ஒரு 'வேண்டாம்'-ஐ நம்பி, கம்ப்யூட்டர் இந்த வீட்டைப் பேருந்து நிலையம் மாதிரிப் பொது இடம் என்று குறித்துக்கொண்டு, மாடி ஸ்பீக்கர் காலைதோறும் வந்து கூப்பிட்டும் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறது. மாற்ற வேண்டிய இடத்தைத் திரையில் காட்டினேன். "தள்ளுங்க, நானே மாத்தறேன்" என்று மவுஸை வாங்கினார். பொது இடம் என்பதை எடுத்துவிட்டு, வீடு என்பதில் வைத்து அழுத்தினார்.

போனில் மாடி ஸ்பீக்கரைத் தொட்டேன். ஆளில்லாத அறையிலிருந்து பாட்டு இறங்கி வந்தது. இருவரும் அசையவில்லை. குரல் குழையும் இடம் வந்தது, போனது. சிரிப்பு வரவில்லை. பிறகு மாடிப்படியிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பி, பாதியில் உடைந்து, மூக்கைச் சிந்தும் சத்தமாக முடிந்தது.

சகலை எழுந்து அலமாரியைத் திறந்து, அடியிலிருந்து இன்னொரு சாவியை எடுத்தார். நேராக வெளியே போய் அக்காவின் கையில் வைத்தார்.

"பூட்டுல சரியா விழுதான்னு பாக்கணும். நான் உள்ள போய்ப் பூட்டிக்கறேன். நீ திற."

வேலை புத்தி விடுமா? என்னையும் வெளியே தள்ளிவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சாவியைப் போட்டார். ஒரே திருப்பு. கதவு திறந்தது. உள்ளே சகலை, தொழிற்சாலை கேட்டில் நிற்கிற மாதிரியே விறைப்பாக நின்றிருந்தார்.

அக்கா வாசற்படியைத் தாண்டாமல் நின்றார். "எங்கிட்ட அட்டை இல்லையேடா. விடுவியா?"

"உனக்கு எதுக்குக்கா அட்டை" என்றார் அவர். பாட்டில் வரும் அந்த இடம் மாதிரியே குரல் குழைந்து இழுத்தது.