வேலிக்கு அந்தப் பக்கம் நிற்க ஓர் ஆள்

எங்கள் வீட்டில் அப்போது மூன்று ஆண்கள் இருந்தார்கள். உலகம் எப்படி நடக்கிறது என்பதற்கு மூன்று விளக்கங்களும் இருந்தன. குடிக்கத் தண்ணீர்தான் இல்லை.

தண்ணீர் இல்லை என்றதும் கிணறு இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். கிணறு இருந்தது, கோடையிலும் வற்றாது. ஆனால் வாயில் வைக்க முடியாத உப்புச் சவர். குளிக்கலாம், உடுப்புத் தோய்க்கலாம். பருப்பைப் போட்டால் பொழுதுபடும்வரை வேகாது. நல்ல தண்ணீர் பக்கத்து வளவுக் கிணற்றில் இருந்தது. ஒரே மண்தான், நடுவில் ஒரு வேலி; அந்தப் பக்கம் இளநீர், இந்தப் பக்கம் கடல். எந்தப் புண்ணியவான் செய்த பங்கீடோ தெரியாது.

அந்த வேலியில் ஒரு பொட்டு இருந்தது. ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு வேலியில் விட்டு வைக்கும் வழிக்கு எங்களூரில் அதுதான் பெயர். பெண்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் ஒழுங்கைத் தெருவால் சுற்றிப் போவதில்லை, பொட்டால்தான் போவோம். தண்ணீர், நெருப்பு, கறிவேப்பிலை, ஊர்க்கதை எல்லாம் அதற்குள்ளால்தான் வந்து போகும்.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்திய அந்தக் கோடையில் எனக்கு ஏழாம் மாதம். அதற்கு முன் ஒரு பிள்ளை தங்காமல் போயிருந்தது. பாரம் தூக்கி நடக்கக் கூடாது என்று டாக்குத்தர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பொட்டு இருந்தால் சின்னச் செம்போடு போய் ஆறுதலாக வரலாம். பொட்டு அடைபட்டால் கோயிற் கிணறுதான் கதி. தோட்டவெளியைக் கடந்து, வெயிலில், இடுப்பில் குடத்தோடு போய்வர வேண்டும். ஆண்கள் மூன்று பேர் இருந்தார்களே என்பீர்கள். உத்தியோகம் பார்த்த ஆம்பிளை குடம் தூக்கிக்கொண்டு தெருவால் போவதா? அந்தக் காலத்தில் அதைக் கேட்கவே யாருக்கும் வாய் வராது. அம்மாவும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டா. நான் உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்தேன். இனி நான் சொல்லப்போகும் பெரிய பெரிய கதைகளுக்கெல்லாம் அடியில் கிடந்தது அந்தப் பயம்தான்.

என்னைப் பெற்ற ஐயா மலாயாவில் ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து பென்ஷனோடு வந்தவர். இவர், அதாவது என் வீட்டுக்காரர், பள்ளிக்கூடத்து வாத்தியார். லண்டன் பட்டப் பரீட்சைக்கு வீட்டிலிருந்தே படித்துக்கொண்டிருந்தார். நாடுகள் ஏன் சண்டை பிடிக்கின்றன, ஏன் பிடிக்காமல் இருக்கின்றன என்பதற்குப் பெரியவர்கள் சொன்ன கொள்கைகளை ஒப்பிட்டு எழுதுவது அவருடைய பாடங்களில் ஒன்று. சத்தம் போட்டுத்தான் படிப்பார். சீனியர் வரை படித்த எனக்கும் அதைக் கேட்க ஆசையாகவே இருந்தது. என் தம்பி கொழும்புக்குப் படிக்கப் போய், படிப்பை விட்டுவிட்டு, சிவப்புச் சட்டையோடு திரும்பி வந்திருந்தான்.

பின்னேரத்தில் பேப்பர் வந்தால் போதும், எங்கள் விறாந்தையில் ஐரோப்பா வந்து குந்திவிடும்.

"பயமும் விளங்காமையும்தான் சண்டைக்குக் காரணம்," என்று இவர் தொடங்குவார். "கதைச்சுப் பேச ஒரு சபை இருக்க வேணும். எழுதி வைச்ச உடன்படிக்கை இருக்க வேணும். ஒருத்தன் மீறினால் எல்லாரும் சேர்ந்து தடுக்க வேணும். நாடுகளுக்குள்ளை வாங்கல் விற்றல் கூடினால் சண்டை தானாய்க் குறையும்."

ஐயா சுருட்டை வாயிலிருந்து எடுப்பார். "ஊரிலை களவு போனால் விதானையாரட்டைப் போகலாம். நாட்டையே ஒருத்தன் களவெடுத்தால் எந்த விதானையாரட்டைப் போறது? அபிசீனியாவை இத்தாலிக்காரன் விழுங்கேக்கை ஜெனீவாவிலை சபை கூடினதுதானே? என்ன கிழிச்சது? மேலை ஒருத்தரும் இல்லை, மருமோன். அவனவன் தன்னைத்தான் பாக்க வேணும். அவன் உயர்த்தினால் நாங்களும் உயர்த்த வேணும். ரெண்டு பக்கமும் சமனாய் நிண்டால்தான் ரெண்டு பேரும் சும்மா இருப்பினம்."

"அத்தான்ரை சபையும் முதலாளியளின்ரை சபைதான், ஐயாவின்ரை பலமும் முதலாளியளின்ரை பலம்தான்," என்று தம்பி இடையில் விழுவான். "ரப்பரும் தகரமும் ஆரின்ரை கையிலை எண்டு பாருங்கோ, மிச்சம் விளங்கும். மலாயாவிலை நீங்கள் ரயில் விட்டது ஆருக்காக, ஐயா?"

அவ்வளவுதான், ஐயாவுக்கு முகம் சிவந்துவிடும். நான் தேத்தண்ணீரைக் கொண்டுபோய் நடுவில் வைப்பேன். மூவர் சொன்னதும் எனக்குச் சரியாகவே பட்டது, தொல்லையே அதுதான். அபிசீனியாவை நினைத்தால் ஐயா சரி. எங்கள் அச்சுவேலிச் சந்தையில் எல்லாரும் எல்லாரோடும் வாங்கி விற்றுச் சிரித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் இவர் சரி. தோட்டத்தில் கொத்துகிறவன் வீட்டு உலையைப் பார்த்தால் தம்பி சரி.

இந்த நேரத்தில்தான் வேலிப் பிரச்சினை வந்தது. மாரியில் பக்கத்து வீட்டு அண்ணை பட்டுப்போன சில கதியால்களைப் பிடுங்கிவிட்டுப் புதிதாக நட்டிருந்தார். வேலிக்கு உயிர்மரமாக நடுகிற தடிகளைத்தான் கதியால் என்போம்; அவற்றில் வரிந்து கட்டும் பின்னிய தென்னோலைதான் கிடுகு. அவை கையகலம் எங்கள் பக்கம் தள்ளி வந்துவிட்டன என்றார் ஐயா. பழைய மரம் பருத்ததால் அப்படித் தெரிகிறது என்றார் அண்ணை. பருத்த மரம் இரண்டு பக்கமும்தானே பருக்கும் என்றார் ஐயா. பேச்சு முற்றி, அண்ணையின் பாட்டனார் வரைக்கும் போய்விட்டது.

இவர் சமாதானத் தூது போனார். அண்ணை கோப்பி கொடுத்து, சொன்னதற்கெல்லாம் ஓம் ஓம் என்றாராம். இவரும் பூரித்துப்போய் வந்தார். விடிந்து பார்த்தால் கதியால் நின்ற இடத்திலேயே நின்றது. பிறகு தம்பி போய், வேலியே வேண்டாம், கிணறு எல்லாருக்கும் பொது என்றானாம். "அப்ப உங்கடை கறுத்தக்கொழும்பான் மாமரமும் பொதுவோ?" என்று அண்ணை கேட்க, அவன் மாமரத்தை ஒருதரம் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான்.

கடைசியில் ஐயா முடிவெடுத்தார். "பழைய கிடுகைக் கழட்டிப்போட்டு ஒரு வரி உயர்த்தி அடைக்கிறம். பொட்டையும் அடைக்கிறம். இனி அவையோடை ஒரு புழக்கமும் வேண்டாம்."

அந்தப் பக்கத்திலிருந்து அண்ணையின் குரல் வந்தது. "தாராளமாய் அடையுங்கோ. தண்ணிக்கு வாறது நாங்களில்லை."

நான் இவரைப் பார்த்தேன். "கொஞ்சம் பொறுங்கோ, மாமாவோடை கதைப்பம்," என்றார். அவர் கதைக்கிற கதை எனக்குத் தெரியாதா! கதைத்து முடிய எனக்குப் பிள்ளை பிறந்து பள்ளிக்கூடம் போயிருக்கும்.

மறுநாள் காலை மூன்று பேரும் ஒற்றுமையாக நின்று பழைய கிடுகு முழுவதையும் உரித்துத் தோட்டத்து மண்ணில் பசளையாகத் தாட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் புத்தி வந்தது. வேலி கட்டுவது குத்தூசியால். முழ நீளத்தில் தடித்த ஊசி, நுனியில் கயிறு கோக்க ஒரு துளை. இந்தப் பக்கம் நிற்பவர் கிடுகுக்குள்ளால் குத்த, அந்தப் பக்கம் நிற்பவர் கயிற்றை வாங்கி, குறுக்கே ஓடும் வரிச்சுத்தடியைச் சுற்றி, திரும்ப ஊசியில் கோத்துவிட வேண்டும். அந்தப் பக்கம் ஆள் இல்லாமல் ஊர் தோன்றிய நாள் முதல் ஒருவரும் வேலி அடைத்ததில்லை. உலகத்து எல்லைகளையெல்லாம் அளந்த மூன்று மூளைகளில் ஒன்றுக்காவது இது ஓடவில்லையே!

அண்ணை வரம்பில் வந்து நின்று தெளிவாகச் சொன்னார். "உங்கடை ஆம்பிளையள் ஒருத்தரும் என்ரை காணிக்குள்ளை கால் வைக்கப்படாது. கூலிக்கு ஆள் பிடிச்சாலும் விடமாட்டன். என்ரை வீட்டு ஆக்களும் ஊசி பிடிக்க மாட்டினம்."

தம்பி கதியாலில் ஏறி மேலால் எட்டிக் கயிறு வாங்கப் பார்த்தான். கிளுவைக் கதியால் முறிந்து, புரட்சி வேலிக்கு இந்தப் பக்கமே விழுந்தது. நான் வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் ஓடினேன்.

சிரிப்பு நிலைக்கவில்லை. வெறும் கதியால்களோடு நாட்கள் போயின. எங்கள் கன்று அவர்களுடைய கத்தரிக் கன்றைத் தின்றது. அவர்களுடைய கோழி எங்கள் அடுப்படியைக் கிண்டியது. எல்லாவற்றிலும் பெரிய கரைச்சல் அண்ணையின் மனைவிக்கு. நான் அவவை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கிணற்றடியில் நின்றால் எங்கள் விறாந்தை முழுதாகத் தெரியும். விறாந்தையிலிருந்து பார்த்தாலும் அப்படித்தானே? இவர் பாவம், வீட்டுக்குள் நடக்கும்போதும் சுவரைப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

"எனக்குக் குளிப்பு முழுக்கில்லையோ, பிள்ளை?" என்று அக்கா செம்பில் தண்ணீர் வார்த்தபடி கொதித்தா. "இந்தக் கிழடுகளின்ரை வீம்பிலை நான் நாறிப்போறன்."

"நான் வந்து ஊசி பிடிச்சால் அண்ணை விடுவாரோ?"

அக்கா திரும்பி, கொட்டிலடியில் நின்ற புருஷனைக் கேட்டா. அவர் தலையைச் சொறிந்தார். "அந்தப் பிள்ளை வாறது வேறை," என்றார்.

இப்படித்தான் நான் என் சொந்த வேலியை அடுத்தவன் காணியில் முக்காலி போட்டு இருந்து கட்டினேன். ஐயா குத்துவார், நான் கயிறு வாங்குவேன், அக்கா பக்கத்தில் நின்று இழுத்து இறுக்குவா. ஊசி பிடிக்கவில்லை, கயிறுதானே இழுக்கிறேன் என்று அவவுக்கு ஒரு சமாதானம். அண்ணை எங்களைக் காணாதவர் மாதிரிக் கிணற்றில் நீர் அள்ளும் துலாவைத் துடைத்துக்கொண்டு நின்றார். அதில் துடைக்க என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

வேலி வளர வளர எங்கள் வளவுப் பக்கத்து மூன்று முகங்களும் மறைந்தன. குரல் மட்டும் வந்தது. பொட்டடி வந்ததும் ஐயா அதற்கு மேலாகவும் ஒரு கிடுகை வைத்துக் குத்தினார். ஊசியின் நுனி என் கண்ணுக்கு முன்னால் நீட்டிக்கொண்டு வந்தது. அதைப் பிடித்து முழுதாக இழுத்து எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"ஊசியை விடு, பிள்ளை."

"மாட்டன்."

"என்ன?"

"பொட்டு விட்டால் ஊசி வரும்."

"ஆரின்ரை வேலி எண்டு நினைச்சுக் கதைக்கிறாய்?"

"என்ரை வேலி. சீதனமாய் எழுதித் தந்தது நீங்கள்தானே?"

துடுக்காகக் கதைத்துவிட்டு ஊசியைக் கையால் பொத்திக்கொண்டேன். அதன் பிறகு வந்த சொற்களை நான் நினைத்து வைத்திருக்கவில்லை. முகம் தெரியாததால்தானோ என்னவோ, வாய்விட்டு வந்தன.

"ஐயா, எனக்குப் பயமாய்க் கிடக்கு. கோயிற் கிணத்திலையிருந்து குடம் சுமந்து இந்தப் பிள்ளையும் போச்சுதெண்டால் நான் இருக்க மாட்டன். இதை நான் ஆரட்டைச் சொல்ல? நீங்கள் மூண்டு பேரும் ஜெர்மனியைப் பற்றியெல்லோ கதைச்சுக்கொண்டிருக்கிறியள்."

அக்கா என் தோளில் கையை வைத்தா. துலாவடியில் துடைப்பு நின்றது. பிறகு கிடுகுக்கு அப்பால் ஐயாவின் குரல் வந்தது.

"மருமோன், அந்தக் கிடுகை எடும்."

கிடுகு விலகியது. பொட்டு வெளித்தது. அதற்குள்ளால் எங்கள் முற்றத்துத் துளசி தெரிந்தது. அப்பாடா! அன்று வந்த நிம்மதியைப் போல ஒன்று எனக்குப் பிறகு வந்ததில்லை. முக்காலியில் இருந்தபடியே சிரித்தேன், அழுதேன், மூக்கைச் சேலைத் தலைப்பால் துடைத்தேன். ஊசியைக் கொடுக்க மறந்துபோனேன்; அக்காதான் இடுப்பிலிருந்து பிடுங்கிக் கொடுத்தா.

பின்னேரம் விறாந்தையில் மறுபடி ஐரோப்பா.

"ஊசி ஆரின்ரை கையிலையோ அவையின்ரை சொல்லு நடந்தது," என்றார் ஐயா. "நான் சொன்ன பலம் இதுதான்."

"ரெண்டு பக்கமும் சேராமல் வேலியே இல்லையெண்டு இண்டைக்கு நிரூபணம்," என்றார் இவர்.

"வேலை செய்த ஆள் வேலையை நிப்பாட்டினா. அதுக்கு என்ன பேரெண்டு தெரியுமோ?" என்றான் தம்பி.

நான் நல்ல தண்ணீரில் தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தேன். குடித்துக்கொண்டே சண்டை பிடித்தார்கள். எனக்கு அது சங்கீதமாகக் கேட்டது.

இரண்டு மாதத்தில் எனக்குப் பிரசவ நோக் கண்டது. மருத்துவிச்சி உள்ளிருந்து தண்ணீர், தண்ணீர் என்று சத்தம் போட்டா. வீட்டிலிருந்த நல்ல தண்ணீர் முடிந்திருந்தது. இவர் கையைப் பிசைந்துகொண்டு நின்றாராம், தம்பி அக்காவைக் கூப்பிடத் தெருவால் ஓடினானாம். மிச்சம் அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். கிணற்றடியில் நின்ற அண்ணை நிமிர்ந்து பார்த்தால், பொட்டுக்குள்ளால் முதலில் ஒரு குடம் வந்ததாம். அதற்குப் பின்னால், வாழ்நாளில் யாருக்கும் குனியாத என் ஐயா குனிந்து வந்தாராம். அண்ணை துலாவைத் தாழ்த்தி, அள்ளி, குடத்தை நிரப்பி, தானே தூக்கி ஐயாவின் தோளில் வைத்தாராம்.

அந்தத் தண்ணீரில்தான் என் மகளைக் குளிப்பாட்டினார்கள். வீடு அதிர அழுதாள். கையகல நிலம் யாருடையது என்ற வழக்கு இன்றும் தீரவில்லை.