வலக்கண் கண்ட பிறை

உக்குவளையில் மிளகும் கராம்பும் வாங்கி விற்கிற இத்ரூஸ் ஓர் இடத்தில் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்திருந்தால், அன்று அவருக்குக் காய்ச்சல் என்று அர்த்தம். அறுபத்தேழு வயதிலும் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் மாதிரித்தான் திரிவார். அப்படிப்பட்ட மனிதரிடம் மூன்று கண்ணாடிகளைக் கொடுத்தால் என்ன ஆகும்? தூரத்துக்கு ஒன்று, வாசிக்க ஒன்று, அவை இரண்டும் தொலைந்தால் போட்டுக்கொள்ள இன்னொன்று. மூன்றுமே தொலைந்தன. ஒன்றை மிளகுச் சாக்குக்குள் போட்டுத் தைத்துக் கொழும்புக்கே அனுப்பிவிட்டார்.

போதாக்குறைக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்தது. மனைவி ஜுனைதா நச்சரித்து நச்சரித்துக் கண்டிக்குக் கூட்டிப்போனார். அங்கே கண் டொக்டர் ஒரு யோசனை சொன்னார். புரையை எடுத்துவிட்டு உள்ளே வைக்கிற வில்லைகளை இரண்டு கண்ணுக்கும் ஒன்றுபோல் வைக்காமல், வலக்கண்ணைத் தூரம் பார்க்கவும் இடக்கண்ணைக் கிட்டப் பார்க்கவும் விடலாம். எந்த நேரத்தில் எந்தக் கண்ணை நம்புவது என்பதை மூளை நாளாக ஆகப் பழகிக்கொள்ளும். பெரும்பாலும் கண்ணாடி தேவைப்படாது. ஆனால் எல்லாருக்கும் இது ஒத்துவராது, இடைவெளி மட்டுப்பிடிப்பது கொஞ்சம் தடுமாறும், விளக்கு வெளிச்சம் சிலருக்குக் கண்ணுக்குள் சிதறும், ஆகவே முதலில் தற்காலிக வில்லையைப் போட்டு ஒரு வாரம் பழகிப் பாருங்கள் என்றும் சொன்னார்.

இத்ரூஸ் 'கண்ணாடி தேவைப்படாது' என்ற இடத்தோடு காதை மூடிக்கொண்டுவிட்டார். ஒரு வாரமாவது, பொறுப்பதாவது! நாளைக்கே செய்ய முடியுமா என்று கேட்டார். அவசரத்துக்கு வெட்கம் ஏது?

கண்ணாடித் தொல்லை என்பது ஊருக்குச் சொன்ன காரணம். மனதுக்குள் இருந்த காரணம் பிறை. முப்பது வருடமாக நோன்பு இருபத்தொன்பதின் மாலையில் பள்ளிவாசலின் பின்புறத் திடலில் ஊரே கூடி நிற்கும். பிறை முதலில் இத்ரூஸின் கண்ணில்தான் விழும். அவர் "அந்தா" என்று விரல் நீட்டினால், நாட்டுக்கே பெருநாளை அறிவிக்கிற கொழும்புப் பிறைக் குழுவுக்குப் போன் போகும். பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள், தெரியாவிட்டால் முப்பதாவது நோன்பு; அதில் அவர் சொல்லுக்கும் ஓர் எடை இருந்தது. புரை விழுந்த பிறகு அந்த எடை போயிற்று. போன வருடத்துக்கு முந்திய வருடம், வானத்தில் ஒன்றுமே இல்லை என்று அவர் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தபோது பக்கத்து ஊரில் பத்துப் பேர் பிறை கண்டிருந்தார்கள். அதன் பிறகு பள்ளி நிர்வாகி பதுர்தீன் அவரிடம் ஒன்றும் கேட்பதில்லை. ஸலாம் சொல்வார், சுகம் விசாரிப்பார், அவ்வளவுதான். இத்ரூஸுக்கு அது நெஞ்சில் முள்ளாகத் தைத்திருந்தது.

சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது. முதலில் வலக்கண், ஆறு வாரம் கழித்து இடக்கண். கண்ணாடி இல்லாமல் பேப்பர் வாசித்தார், கண்ணாடி இல்லாமல் ரயில் நிலையத்துக் கடிகாரத்தில் மணி பார்த்தார். சும்மா இருந்திருக்கலாம். இருந்தால் அவர் இத்ரூஸ் அல்லவே. வலக்கண் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று இடக்கண்ணை மூடிப் பார்ப்பார், பிறகு இடத்தைத் திறந்து வலத்தை மூடுவார். நாள் முழுக்க இதே சோதனை. எல்கடுவத் தோட்டத்திலிருந்து மிளகு கொண்டுவந்த நடராஜாவுக்கு விலையைச் சொல்லிவிட்டு அவர் இடக்கண்ணை மூட, மற்றவர்களுக்குத் தெரியாமல் கூட விலை தரப்போகிறார் என்று நினைத்த நடராஜா, கடையில் ஆள் கலையும்வரை முக்கால் மணி நேரம் காத்துக் கிடந்தார். மாத்தளை பஸ்ஸில் ஒரு சிங்களப் பெண் எழுந்து வேறு ஆசனத்துக்குப் போனாள்.

ஜுனைதாவுக்குச் சிரிப்பு ஒரு பக்கம், எரிச்சல் ஒரு பக்கம். தேநீரை இத்ரூஸ் கோப்பைக்குப் பக்கத்தில் ஊற்றியதை அவர் இரண்டு தரம் துடைத்திருக்கிறார்.

"கண்ண அதுட பாட்டுக்கு விடுங்க. ஒரு கோப்பையில ஊத்த ஏலாத கண்ண வெச்சிக்கிட்டு நீங்க எப்பிடிப் பிறை பாக்குற?" என்று ஒருநாள் கேட்டேவிட்டார். அந்தக் கேள்வி இத்ரூஸுக்குள்ளும் இருந்தது.

நோன்பு இருபத்தொன்பது வந்தது. அந்தி நேரத்து மஃரிபைத் தொழுதுவிட்டு எல்லாரும் திடலுக்கு வந்தார்கள். கண்ணுக்குள் கண்ணாடி வைத்தவர் பார்ப்பது வெறுங்கண்ணால் பார்த்ததாகுமா என்று பள்ளி நிர்வாகத்திலிருந்த நிஸ்தார் கிண்டலாகக் கேட்டார். மூக்கில் போட்டாலும் உள்ளே வைத்தாலும் பார்ப்பது அவர்தானே என்று, தொழுகை நடத்தும் மௌலவி சிரித்தார். இத்ரூஸ் எதையும் காதில் வாங்கவில்லை. மேற்கே மலைக்கு மேல் மேகம் கிழிவதும் சேர்வதுமாக இருந்தது. அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

பள்ளியின் பக்கச் சுவரிலிருந்த பெரிய விளக்கை யாரோ போட்டார்கள். அடுத்த கணம் இத்ரூஸ் கண்டார். நூல் போல மெல்லிய, வெள்ளை வளைவு.

"அந்தா."

திடல் அவர் பக்கம் திரும்பியது. எங்கே, எங்கே என்று பத்துத் தலைகள் அவர் விரலை ஒட்டி நீண்டன. பதுர்தீன் அவர் தோளில் கை வைத்து, அண்ணனை அழைக்கிற முறையில், நானா கண்டா சரிதான் என்றார். அந்தச் சொல்லுக்காகத்தான் இரண்டு கண்ணையும் கீறிக்கொண்டார் இத்ரூஸ். நிஸ்தார் கொழும்புக்குப் போன் எடுக்கத் தொடங்கினார்.

பிறையை அவர்களுக்குக் காட்டுவதற்காக இத்ரூஸ் தலையை இலேசாகத் திருப்பினார். வளைவும் கூடவே நகர்ந்தது. மலை முகட்டைவிட்டுப் பலா மரத்துக்கு வந்தது. இன்னும் கொஞ்சம் திருப்ப, பதுர்தீனின் தொப்பிமேல் வந்து உட்கார்ந்தது. உலகத்தில் எந்தப் பிறையும் பதுர்தீனின் தொப்பிமேல் உட்காராது. இத்ரூஸ் விளக்குப் பக்கமாக உள்ளங்கையை வைத்து மறைத்தார். வளைவு அணைந்துவிட்டது. பக்கவாட்டு வெளிச்சம் புது வில்லையின் ஓரத்தில் பட்டுக் கண்ணுக்குள் போட்ட கோடு அது.

வாயைத் திறக்காமல் நின்றிருக்கலாம். வானத்தில் பாதி மேகம். மூடிவிட்டது என்றால் யார் மறுக்கப்போகிறார்கள்? ஆனால் ஒரு கோடு கண்ணில் விழுந்ததற்காக எத்தனை பேருடைய கடைசி நோன்பு போகும்? அந்தப் பாரம் யார் கழுத்தில் விழும்? நிஸ்தாரின் போனில் மறுமுனை மணி அடிப்பது அவருக்கே கேட்டது.

"நிஸ்தார், போன வைங்க. அது பிறை இல்ல. என்ட கண்ணு."

யாரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பதுர்தீன் தோளிலிருந்த கையை எடுத்து, வயசு போனா அப்படித்தான் நானா, பரவாயில்ல என்றார். எல்லாரும் கொழும்புச் செய்தியைக் கேட்க உள்ளே போனார்கள்.

இத்ரூஸுக்கு அவர்களோடு போய் உட்கார முகம் இல்லை. விளக்கு வெளிச்சம் எட்டாத மூலைக்கு, மவுத்தானவர்களை அடக்குகிற மையவாடியின் சுவரோரம் போய் நின்றார். அழுகை வந்தது, அழுதார். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, முகட்டுக்குச் சற்று மேலே மேகம் விலகிய ஒரு கீறலில் அது இருந்தது.

நம்பவில்லை. தலையைத் திருப்பினார், அது அங்கேயே நின்றது. வலக்கண்ணை மூடினார், மங்கி மறைந்தது. திறந்தார், இருந்தது. இரண்டடி நகர்ந்தார். அது ஒரு தென்னோலைக்குப் பின்னால் போய் மறைந்து மறுபக்கம் வந்தது. கண்ணுக்குள் இருக்கிற கோடு ஓலைக்குப் பின்னால் எப்படிப் போகும்? கத்திக் கூப்பிடுமுன் மேகம் மூடிக்கொண்டது.

உள்ளே ஓடினார். மூச்சு வாங்கச் சொன்னதையெல்லாம் பதுர்தீன் கேட்டார்.

"நானா, இப்ப கொஞ்சத்துக்கு முந்தியும் இப்பிடித்தானே சென்னீங்க."

பதுர்தீனின் இடத்தில் இருந்தால் இத்ரூஸும் அதைத்தான் சொல்லியிருப்பார். எங்கும் பிறை தென்படவில்லை, நோன்பு முப்பதாகப் பூர்த்தி செய்யப்படும் என்று கொழும்பிலிருந்து அறிவித்தார்கள்.

இத்ரூஸ் மௌலவியைத் தனியே பிடித்துத் தன் நிலை என்ன என்று கேட்டார். மௌலவி யோசித்துத்தான் சொன்னார். கண்டது உறுதி என்றால், ஊர் ஏற்காவிட்டாலும் அவருக்கு நாளை பெருநாள். நோன்பு பிடிக்கக் கூடாது, ஆனால் யார் கண்ணிலும் படாமல் சாப்பிட வேண்டும். அவர் சொல்லை மனமார நம்புகிறவருக்கும் அதே சட்டம்தான். உறுதியில்லை என்றால் எல்லாரோடும் நோன்பு பிடிக்க வேண்டும்.

"உறுதியா இல்லையான்டு நான் செல்ல ஏலா. அது நீங்கதான் செல்லணும்" என்றார்.

விடியுமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு ஜுனைதா எழுப்பியபோது அவர் எழும்பவில்லை. ஜுனைதா தனியே சாப்பிட்டு நோன்புக்கு நிய்யத் வைத்துக்கொண்டார். காலை எட்டு மணிக்கு அடுப்பு மூட்டாத குசினிக்கு வந்து பார்த்தால், கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்தபடி இத்ரூஸ் நின்றிருந்தார். வாய்வரை கொண்டுபோவார், இறக்குவார். கண்ட பிறை உண்மையென்றால் இதைத் தின்ன வேண்டும். பொய்யென்றால் தின்பது பெரும் பாவம். அந்த ஒரு பழம் அரை மணி நேரமாக அவர் கையில் நசிந்துகொண்டிருந்தது.

நடந்ததை ஜுனைதா நேற்றே ஊர் வாயால் கேட்டிருந்தார். இப்போது அவர் வாயால் கேட்டார். இத்ரூஸ் எல்லாவற்றையும் சொன்னார், தொப்பியையும் மௌலவி சொன்ன சட்டத்தையும் விடவில்லை.

"ஓலைக்குப் பின்னால போனிச்சா?"

"போனிச்சு. போய் மத்தப் பக்கத்தால வந்திச்சு."

"முதல் கண்டது பொய்யின்டு நீங்களாத்தானே சென்னீங்க? யாரும் கேக்காம?"

அவர் ஆமென்று தலையை ஆட்டினார்.

ஜுனைதா அந்தப் பேரீச்சம்பழத்தை அவர் கையிலிருந்து வாங்கினார். கொட்டையை எடுத்தார். பிஸ்மி சொல்லிப் பாதியைத் தன் வாயில் போட்டு மென்று விழுங்கிவிட்டு, மற்றப் பாதியை அவரிடம் நீட்டினார்.