ஔலுவுக்குப் போகும் வரப்பு

ஃபின்லாந்தின் வடபகுதியில், ஆறு கடலில் சேரும் இடத்தில் ஔலு என்று ஒரு நகரம் இருக்கிறது. அதன் தெருக்களை நான் முதலில் நடந்து பார்த்தது மரக்காணம் உப்பளத்து வரப்புகளில்தான்.

அப்போது புதுச்சேரியில் ஒரு சுற்றுலா அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கல்லூரியும் போனேன். அந்த வேலையையும் நானே தேடிக்கொண்டேன். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலர் குடும்பத்தோடு ஔலுவுக்குப் போக ஆசைப்பட்டார்கள். தமிழில் பேசி அழைத்துப்போக அலுவலகத்திலிருந்து ஒருவர் வேண்டும். நானும், ஏற்கெனவே பாரிஸ் வரை போய்வந்த சென்னைப் பெண் ஒருத்தியும் கை தூக்கினோம்.

"வர்ற சனிக்கிழமை ரெண்டு பேரும் அவங்களுக்கு ஊரைச் சுத்திக் காட்டுங்க. வாயாலயே. யாரு கூடப் போறதுன்னு அவங்களே சொல்லட்டும்" என்றார் முதலாளி.

நான் விமானம் ஏறியதில்லை. அந்தப் பயணத்துக்கு ஆசைப்பட்டதைப்போல அதுவரை எதற்கும் ஆசைப்பட்டதில்லை.

படங்களும் வீடியோக்களும் பார்த்துப் பார்த்து இடங்களெல்லாம் மனப்பாடமாகிவிட்டன. ஆனால் வாயைத் திறந்தால் பாடம் ஒப்பிப்பதுபோல் வந்தது. எதைத் தாண்டினால் எது வரும் என்பது என் கால்களுக்குத் தெரியவில்லை.

ஒரு விடியலில் அம்மாவுக்குக் கஞ்சி கொண்டுபோனேன். அம்மா உப்பளத்தில் கூலி வேலை செய்கிறாள். சூரியன் வருவதற்கு முன் பாத்திகளில் தண்ணீர் இருப்பதே தெரியாது. வானம்தான் துண்டு துண்டாகக் கீழே கிடக்கும். நடுவில் வரப்புகள் எங்கோ போய்க்கொண்டே இருக்கும். அந்த வேளையில் அது எந்த ஊராகவும் இருக்கலாம். தண்ணீர் திறந்துவிடும் மதகை ஔலுவின் சந்தைச் சதுக்கம் என்று வைத்துக்கொண்டேன். ஓலை போட்டு மூடிய உப்புக் குவியல்கள், சதுக்கத்தின் ஓரத்தில் நிற்கும் பழைய சிவப்பு மரக் கிடங்குகள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மரவீடுகள் நிறைந்த தீவு. நடந்தேன். நடக்க நடக்க ஊர் எழும்பி வந்தது.

"உன் பொண்ணுக்கு இன்னா ஆச்சு? தனியா பேசிக்கினு போறா" என்று அடுத்த பாத்தியிலிருந்து ஒரு குரல். அம்மாவோடு வேலை செய்கிறவர். நான் அத்தை என்று கூப்பிடுவேன்.

"ஏதோ ஊரு சுத்திக் காட்டணுமாம்" என்றாள் அம்மா.

"அத எங்களுக்குக் காட்டச் சொல்லு. நாங்கதான் திண்டிவனத்தத் தாண்டாத ஆளுங்க."

கஞ்சி குடித்து முடித்ததும் நாலைந்து பெண்கள் என் பின்னால் வரப்பில் வரிசையாக வந்தார்கள்.

"இங்க ஒரு போலீஸ்காரர் சிலை இருக்குது" என்று மதகைக் காட்டினேன். "குள்ளமா, குண்டா, சந்தையப் பாத்துக்கினே நிப்பாரு."

"மாமூலுக்கா?" என்றார் அத்தை.

"சிலை, அத்த."

"சிலையா இருந்தா இன்னா? போலீஸ் போலீஸ்தான்."

குவியல்களிடம் வந்தோம். "இந்தக் கிடங்குல எல்லாம் முன்ன உப்பு வெச்சிருந்தாங்களாம். இப்ப கடையும் காபியுமா இருக்குது."

"உப்பு அவங்களே வாருனாங்களா?" என்று கேட்டாள் அம்மா.

"இல்லம்மா. கப்பல்ல வந்துச்சு. அங்க வெயில் பத்தாது."

"வெயிலு பத்தாதா!" அம்மா தலைமேல் கட்டியிருந்த துணியைச் சரிசெய்துகொண்டாள். "குடுத்து வெச்சவங்க."

கடைசியாக, உப்பு பூத்து முழுக்க வெளுத்திருந்த ஒரு பாத்தியின் ஓரத்தில் நின்றேன். "இதுதான் கடல். குளிர்காலத்துல ஒறைஞ்சுபோய்டும். ஜனங்க அது மேல நடப்பாங்க, சைக்கிள் ஓட்டுவாங்க. இப்ப நாமளும் நடக்கப் போறோம்."

யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் பின் ஒருவராகச் செருப்பைக் கழற்றி வரப்பின்மேல் வைத்தார்கள். பூத்த பாத்தியில் செருப்போடு இறங்குவது எங்களிடம் கிடையாது. மண் பட்டால் உப்பு கெட்டுவிடும். நானும் கழற்றினேன். வெறுங்காலோடு அந்த வடக்குக் கடலின்மேல் மெல்ல நடந்தோம். காலடியில் நொறுநொறுவென்று சத்தம். அம்மா புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்திருந்தாள், அலை வந்துவிடும் என்பதுபோல.

சனிக்கிழமை வரை தினமும் நடந்தோம்.

சென்னைப் பெண் முதலில் பேசினாள். திரையில் படம் போட்டு, தடங்கலே இல்லாமல். அடுத்து நான் எழுந்தேன். படம் வேண்டாம் என்றேன். கண்ணை ஒரு நொடி மூடியதும் கால்கள் வழி சொல்லத் தொடங்கின. போலீஸ்காரரைத் தாண்டி, கிடங்குகளைத் தாண்டி, பாலம் ஏறித் தீவுக்குள் போய், கடற்கரை வரை அழைத்துப்போனேன். என் முன்னால் வெள்ளையாகக் கடல்.

"எல்லாரும் செருப்பை வரப்பு மேல கழட்டி வெச்சிட்டு இறங்குங்க" என்றேன்.

முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு அறையே சிரித்தது.

"ஏம்மா, ஐஸ் மேல வெறுங்காலா?" என்றார் முதலாளி. "காலு வெறச்சுப் போய்டும்மா!"

காது மடல் சுட்டது. பயணம் போய்விட்டது என்றே நினைத்தேன். ஆனால் தலை குனியத் தோன்றவில்லை.

"எங்க ஊர்ல அப்படித்தான் சார். பூத்த பாத்தியில யாரும் செருப்போட இறங்க மாட்டோம். நான் மரக்காணத்து உப்பளத்துல நடந்துதான் இந்த ஊரைக் கத்துக்கிட்டேன்."

முன்வரிசையில் ஒரு ஆசிரியை குனிந்து நாற்காலிக்கு அடியில் எதையோ தேடினார்.

"நான் ஒத்தச் செருப்பைக் கழட்டிட்டேன் சார்" என்றார். "இந்தப் பொண்ணு கூடவே போறோம்."

மார்ச்சில் போனோம். போலீஸ்காரர் நான் நினைத்ததைவிடக் குள்ளம். சதுக்கத்தில் நின்றபோது மதகுத் தண்ணீர் எங்கோ விழும் சத்தம் கேட்டது. சிவப்புக் கிடங்குகளின் கூரையில் என் கண் ஓலையைத் தேடியது.

கடற்கரைக்கு ஒரு காலையில் வந்தோம். கரைக்கும் வானத்துக்கும் நடுவில் ஒரே வெள்ளை. உப்பைப்போல் கண் கூசவில்லை. நீலம் கலந்து, தூக்கத்தில் இருப்பதுபோல் கிடந்தது. கூட்டம் ஓரத்தில் நின்று என்னைப் பார்த்தது. நான் அம்மாவுக்கு வீடியோ போட்டேன். அங்கே மதியம். கொட்டகை நிழலில் முகங்கள் நெருக்கியடித்தன. போனைக் கடல் பக்கம் திருப்பினேன்.

திருப்பும்போது என் காலும் படத்தில் விழுந்துவிட்டது.

"ஏய்" என்றாள் அம்மா. "கால்ல இன்னாடி அது? பூட்ஸோடவா எறங்கப் போற?"

எல்லோருக்கும் கேட்டுவிட்டது. சிரிப்பு பனிமேல் வெகுதூரம் ஓடியது.

"கழட்டினா வெரலு போய்டும்மா."

"அப்ப மண்ணையாவது தட்டுங்கடி" என்றார் அத்தை.

ஒற்றைச் செருப்பைக் கழற்றிய அந்த ஆசிரியைதான் முதலில் காலைத் தூக்கித் தட்டினார். பிறகு ஒவ்வொருவராக, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, பூட்ஸின் மணலைக் கரையிலேயே உதறினார்கள். நானும் உதறினேன். அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஆங்" என்றாள். "இப்ப எறங்குங்க."